அரசு எப்போது சேரிக்கு வந்தது?
சமூகக் கட்டங்கள் பற்றிய கோட்பாடும் காவிரிப் படுகையும்

(வெண்மணி நினைவுச் சொற்பொழிவு)



நினைவுச் சொற்பொழிவுகள் வழக்கமாக ஒருவர் பெயரில் நடக்கும். இது 44 பேரின் நினைவில் நடக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிந்துபோன பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் அவர்கள். அந்த இரவைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். அதை விளக்க நாம் பயன்படுத்தும் ஒரு சொல்லைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். 'நிலப்பிரபுத்துவ எச்சம்' என்பது அந்தச் சொல். துண்டறிக்கையிலும் மேடையிலும் வகுப்பறையிலும் சாதி பற்றிப் பேச்சு வந்தால் இந்தச் சொல்லும் கூடவே வந்துவிடும்.

எச்சம் என்றால் மிச்சம். ஒரு காலம் முடிந்துவிட்டது; அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது; அடுத்த காலம் முழுதாக வந்ததும் அதுவும் போய்விடும் என்பது இதன் பொருள். அப்படியானால் அடுத்த காலம் வரும்வரை நாம் பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திரு என்ற அறிவுரையைச் சேரி நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. ஆகவே இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, நம் மண்ணுக்கு அது பொருந்துகிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

கட்டங்களின் ஏணி

மனித சமூகம் கட்டம் கட்டமாக ஏறிவருகிறது என்ற எண்ணம் பழையது. 18ஆம் நூற்றாண்டில் ஆடம் ஸ்மித் உள்ளிட்ட ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர்கள் வேட்டை, மேய்ச்சல், உழவு, வணிகம் என்று நான்கு படிகளைச் சொன்னார்கள். அமெரிக்காவில் இராக்குவா மக்களை ஆராய்ந்த மார்கன், 1877இல் காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று பிரித்தார். அந்த நூலை அடிப்படையாகக் கொண்டு எங்கெல்ஸ் 1884இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றத்தை விளக்கினார். அரசு என்பது எப்போதும் இருந்ததல்ல, வர்க்கம் பிறந்தபோது பிறந்தது என்று அவர் சொன்னது பெரிய திறப்பு. மார்க்ஸ் தம்மளவில் ஆசியாவை ஒரே ஏணியில் ஏற்றத் தயங்கினார். 'ஆசிய உற்பத்தி முறை' என்று தனியே ஒன்றைச் சொன்னார். ஆனால் 1938இல் ஸ்டாலின் எழுதிய பாடத்தில் அந்தத் தயக்கம் இல்லை. ஆதிப் பொதுவுடைமை, அடிமைச் சமூகம், நிலப்பிரபுத்துவம், முதலாளியம், சோசலிசம் என ஐந்தே படிகள். நம் ஊர் அரசியல் வகுப்புகளுக்கு வந்து சேர்ந்தது இந்த ஐந்து படிகள்தான்.

இந்தப் பாடத்தை நான் கேலி செய்யவில்லை. உன் அடிமைத்தனம் விதியல்ல, வரலாற்றில் தோன்றியது, வரலாற்றிலேயே முடியும் என்று அது பண்ணையாளிடம் சொன்னது. முன்பிறவிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஊரில் அது எவ்வளவு பெரிய வார்த்தை! 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் இந்தப் படுகையில் சங்கம் கட்டியபோது, சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்து நின்ற ஆண்களுக்கும் பெண்களுக்கும் அந்தப் பாடம் துணை நின்றது. என் கேள்வி வேறு. ஏணிக்கு ஒரு குறை உண்டு. ஏணியில் நிற்பவர் ஒரு நேரத்தில் ஒரு படியில்தான் நிற்க முடியும். ஒரு சமூகம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே படியில் நிற்கிறதா?

இந்தக் கேள்வி தமிழில் ஏற்கெனவே எழுந்ததுதான். பி.டி. சீனிவாச ஐயங்கார் ஐந்திணைகளையே வளர்ச்சிக் கட்டங்களாகப் படித்தார். குறிஞ்சியில் வேட்டை, முல்லையில் மேய்ச்சல், மருதத்தில் உழவு என்று தமிழ் மனிதன் மலையிலிருந்து படிப்படியாக இறங்கிவந்தான் என்பது அவர் சித்திரம். 1974இல் கார்த்திகேசு சிவத்தம்பி திணைக் கோட்பாட்டை வேறு விதமாக வாசித்தார். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலங்களாக அவருக்குத் தெரியவில்லை. ஒரே காலத்தில் அருகருகே இருந்த ஏற்றத்தாழ்வான வளர்ச்சியை அவர் அதில் கண்டார். இந்தப் பார்வையைத் திணைக்குள் நிறுத்திவிடாமல், ஒரே மருத நிலத்து ஊருக்குள், அக்கிரகாரத்துக்கும் குடியானத் தெருவுக்கும் சேரிக்கும் இடையில் நகர்த்திப் பார்க்க வேண்டும் என்பதே என் முயற்சி.

தேச அரசுக்கு ஓர் அளவுகோல்

ஏணியின் மேல்படியில் தேச அரசு இருக்கிறது. ஐரோப்பாவில் அதன் தொடக்கத்தை 1648ஆம் ஆண்டு வெஸ்ட்பாலியா உடன்படிக்கையில் சிலர் வைக்கிறார்கள். 1789ஆம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சியில் பலர் வைக்கிறார்கள். ஓர் எல்லைக்குள் முறையான வன்முறையைத் தன்னிடம் மட்டுமே வைத்துக்கொள்ளும் அமைப்பே அரசு என்று 1919இல் மாக்ஸ் வேபர் வரையறுத்தார். சண்டைக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு வரி வேண்டும், வரிக்குக் கணக்கும் அதிகாரியும் வேண்டும். அப்படித்தான் ஐரோப்பிய அரசுகள் உருவாயின என்று சார்லஸ் டில்லி காட்டினார்.

இவற்றிலிருந்து நமக்குப் பயன்படும் ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். பழைய அரசில் மனிதர்கள் இடையில் இருக்கும் ஒருவருக்கு உரியவர்கள்: பிரபுவுக்கு, கோயிலுக்கு, பண்ணைக்கு. தேச அரசில் அந்த இடையாள் விலக வேண்டும். அரசும் தனிமனிதரும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அவர் பெயர் அரசின் ஏட்டில் இருக்க வேண்டும். அவரை அடிக்கும் உரிமை வேறு யாருக்கும் இருக்கக் கூடாது. அவர் நிற்கும் தரை இன்னொருவர் தயவில் இருக்கக் கூடாது. அந்த நிலையில்தான் அவர் குடிமகன், குடிமகள்.

இந்த அளவுகோலை வைத்தால் பிரான்ஸ்கூட ஒரே படியில் நிற்கவில்லை. 1789 ஆகஸ்ட்டில் பாரிசில் மனித உரிமைப் பிரகடனம் வெளியானபோது, அதே பிரான்சின் கரீபியக் காலனியான செயின்ட் டொமிங்கில் ஆப்பிரிக்க மக்கள் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தார்கள். 1791இல் அவர்களே கிளர்ந்து எழுந்த பிறகுதான், 1794இல் பிரெஞ்சு அரசு அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதை மீண்டும் கொண்டுவந்தான். 1804இல் அந்த மக்கள் ஹெய்தி என்ற தனி நாட்டை உருவாக்கிக்கொண்டார்கள். ஒரே தேச அரசு ஒரு கரையில் குடிமகனையும் மறு கரையில் அடிமையையும் வைத்திருந்தது. தோட்டத்து அடிமை முந்தைய கட்டத்தின் மிச்சம் இல்லை; பாரிசின் செல்வம் அந்தக் கரும்பில் இருந்தது.

இப்போது காவிரிக்கு வருவோம்.

சோழர் கணக்கில் சேரி

சோழ அரசு எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பது பற்றி அறிஞர்கள் நிறையவே சண்டையிட்டிருக்கிறார்கள். நீலகண்ட சாஸ்திரி வலுவான மைய அரசைக் கண்டார். 1957இல் விட்ஃபோகல் ஆசிய நாடுகளைப் பாசன வேலைகளின் மேல் எழுந்த கொடுங்கோன்மைகள் என்றார். ஆர்.எஸ். சர்மாவின் வழியில் வந்தவர்கள் இதை நிலப்பிரபுத்துவம் என்றார்கள். 1980இல் பர்ட்டன் ஸ்டைன், மைய அதிகாரம் சடங்களவில்தான் இருந்தது, உண்மையான அதிகாரம் நாடுகளிடம் பிரிந்து கிடந்தது என்றார். நொபொரு கராஷிமா கல்வெட்டுகளை எண்ணி எண்ணி இவற்றைச் சோதித்தார்.

நாம் ஒரே ஒரு பக்கத்தைப் பார்ப்போம். 1010வாக்கில் நிறைவுபெற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், அந்தக் கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் மொத்த நிலம் எவ்வளவு வேலி என்று வியக்கத்தக்க நுண்மையான பின்னங்கள்வரை எழுதியிருக்கிறார்கள். நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்க வேண்டும். பிறகு, வரி கணக்கில் சேராமல் கழிக்க வேண்டிய இடங்கள் வருகின்றன: ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடே ஓடும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற பெயரும் வருகிறது. சுடுகாட்டிலும் வெள்ளாளருக்கு வேறு, பறையருக்கு வேறு என்று பிரித்துக் காட்டும் இடங்கள் உண்டு.

இதை நிதானமாகப் படியுங்கள். சேரி இங்கே இறையிலி நிலம், அதாவது வரி நீங்கிய நிலம். சலுகையால் வந்த நீக்கமல்ல இது. விளையாத இடம் என்பதால் கழித்திருக்கிறார்கள். அந்த ஊரின் மொத்த நெல்லையும் நட்டு, அறுத்து, களம் சேர்த்த கைகள் எந்த இடத்தில் தூங்கினவோ, அந்த இடம் கழிவுக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கைகளின் பெயர் எங்கும் இல்லை. கூலியில்லா உழைப்பைக் குறிக்கும் 'வெட்டி' என்ற சொல் சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இன்றும் வீண் வேலையை 'வெட்டி வேலை' என்கிறோம்.

சேரியை ராஜராஜன் உண்டாக்கினான் என்று நான் சொல்லவில்லை. அது அவனுக்கு முன்பே இருந்திருக்கலாம். ஆனால் ஊரோடு ஊராக இருந்த ஒரு பிரிவினையை அளந்து, எழுதி, கல்லில் வெட்டி, வருவாய்க் கணக்கின் பகுதியாக்கியது அரசு. உலகின் முதல் அரசுகள் தானியத்தின் மேல்தான் எழுந்தன என்கிறார் ஜேம்ஸ் ஸ்காட். கிழங்கை மண்ணுக்குள் ஒளித்துவைக்கலாம். கதிர் வெளியே நிற்கும், ஒரே நேரத்தில் விளையும், களத்திலேயே அளக்கலாம். காவிரிப் படுகையில் நெல்லைப் பார்க்கத் தெரிந்த அரசு, நெல்லை விளைவித்தவரைப் பார்க்காமல் இருக்கவும் கற்றுக்கொண்டது. மைய அரசு, நிலப்பிரபுத்துவ அரசு, பிளவுண்ட அரசு என எந்தப் பெயரை வைத்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

பட்டா யார் பெயரில்?

1799இல் சரபோஜி மன்னரோடு செய்த உடன்படிக்கை வழியாகத் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பெனியிடம் போனது. ஏணிக் கோட்பாட்டின்படி இங்கே பழைய காலம் முடிந்து புதிய காலம் தொடங்க வேண்டும். பிரிட்டிஷார் கொண்டுவந்த ரயத்துவாரி முறையின் பெருமையே, ஜமீன்தார் என்ற இடையாள் இல்லாமல் அரசு உழவனோடு நேராகப் பேசும் என்பதுதான். நம் அளவுகோலுக்கு இது சரியாகப் பொருந்துவதுபோல் தெரியும். ஆனால் தஞ்சையில் உழவன் என்று அரசு யாரைக் கண்டது? மிராசுதாரை. பட்டா அவர் பெயரில் எழுதப்பட்டது. சேற்றில் நின்ற பண்ணையாள் அந்த நேர்ப்பேச்சுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்.

1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், அடிமையைச் சொத்தாக நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வணிகத்தைக் குற்றமாக்கியது. அடிமைமுறை முடிந்தது என்று ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். விடுதலையான மனிதர் மறுநாள் காலையில் எங்கே நின்றார்? அதே குடிசையில். குடிசை இருந்த மனை மிராசுதாருடையது. வேலைக்குப் போக மறுத்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். சங்கிலி தேவைப்படவில்லை, காலடித் தரையே சங்கிலியாக இருந்தது.

இந்த ஏற்பாட்டை அதிகாரிகள் ஊர் வழக்கம் என்றார்கள், மென்மையான அடிமைமுறை என்றார்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதி, மனையும் நிலமும் இல்லாமல் எந்த விடுதலையும் நடக்காது என்பதை அரசுக்குக் காட்டினார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்களில் எவ்வளவு கைமாறிப்போனது என்பதை இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலங்களை மீட்கக் கேட்டுத்தான் 1994இல் செங்கல்பட்டில் இரண்டு உயிர்களைக் கொடுத்தோம்.

நவீனத்தின் நடுவில் ஒரு நெருப்பு

1950இல் குடியரசு வந்தது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1952 தேர்தலில் சேரியின் ஆண்களும் பெண்களும் வாக்களித்தார்கள். அரசின் ஏட்டில் அவர்களது பெயர் அவரவர் பெயராக ஏறியது. இது சிறிய மாற்றமல்ல. அதே 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதிலிருந்து தப்பிக்க மிராசுதார்கள் பலர் பண்ணையாள் முறையைக் கைவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். பண்ணையாள் கூலியாள் ஆனார். பாடப்புத்தகப்படி நிலப்பிரபுத்துவத்திலிருந்து முதலாளியத்துக்கு ஒரு படி ஏறியாயிற்று.

1961-62இல் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். 'ஸ்ரீபுரம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று விலகத் தொடங்கிவிட்டன என்பது அவர் முடிவு. அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அங்கிருந்துகொண்டு சேரிக்குத் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதையும் அவரே நேர்மையாகப் பதிவுசெய்திருக்கிறார். மாற்றத்தை எந்தத் தெருவிலிருந்து பார்க்கிறோம் என்பது ஆய்வு முறை பற்றிய கேள்வியும்கூட. சமூகவியல் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில்தான், 1960-61இல், தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு இந்திய அரசு தேர்ந்தெடுத்த முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்றானது. உரம், கடன், டிராக்டர், புதிய விதை என எல்லாம் வந்தன. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 நெல் வயல்களில் பரவியது. இந்திய வேளாண்மையின் நவீன முகம் எது என்று அன்று கேட்டிருந்தால், தஞ்சாவூரைத்தான் காட்டியிருப்பார்கள்.

கீழ்வெண்மணி அந்தத் தஞ்சாவூரில் நடந்தது. கேட்டது கூலி உயர்வு. கூலி என்பதே புதிய காலத்தின் சொல். எதிர்த்து நின்றது நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் இயங்கிய அமைப்பு. பெயரிலேயே சந்தை இருக்கிறது. நெருப்பு வைத்த இடம் மட்டும் பழைய இடம், சேரி. கூலித் தகராறு என்று மட்டும் சொன்னால், ஏன் சேரி எரிந்தது என்பது விளங்காது. சாதி வெறி என்று மட்டும் சொன்னால், ஏன் அந்த ஆண்டில், அந்த மாவட்டத்தில் எரிந்தது என்பது விளங்காது. எச்சம் என்று சொன்னால் இரண்டுமே விளங்காது. விளைச்சல் கூடியது; அதில் பங்கு கேட்டார்கள்; கேட்டவர்கள் கேட்கக் கூடாதவர்கள் என்று புதிய முதலாளி பழைய கோட்டைக் காட்டினார்.

அரசு அன்றிரவு எங்கே இருந்தது? முறையான வன்முறை அரசிடம் மட்டுமே இருக்கும் என்றார் வேபர். அந்த இரவில் அது மிராசுதாரிடம் இருந்தது. பின்னர் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்று நிலவுடைமையாளர்கள் விடுதலையானார்கள். கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற தொனியில் அந்தத் தீர்ப்பு அமைந்தது. பட்டாவில் பெயர் உள்ளவரின் மதிப்பு, சாட்சிக் கூண்டிலும் எடை போட்டது.

பிறகு 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15ஆகக் குறைந்தது. 1971இல் குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு மனை உரிமை வழங்கும் சட்டம் வந்தது. குடிசை இருந்த தரை, குடிசைக்காரருக்கே சொந்தமாகும் என்று முதல்முறையாகச் சட்டம் சொன்னது.

இப்போது என் தலைப்புக்கு விடை சொல்லலாம். தஞ்சைச் சுவரில் சேரி கழிவு நிலமாக எழுதப்பட்டதற்கும், சேரி மனை சேரி மக்களுடையது என்று சட்டம் எழுதியதற்கும் இடையில் ஏறத்தாழ 960 ஆண்டுகள். அரசு ஊருக்கு வந்தது 11ஆம் நூற்றாண்டுக்கும் முன்பு. தேச அரசு சேரிக்கு வரத் தொடங்கியது 1971இல், 44 பிணங்களைத் தாண்டி. கோயில் மனைகளில் வாடகைக்குடிகளாக இருப்பவர்களிடம் அது இன்னும் முழுதாக வந்துசேரவில்லை.

தாழ்ந்தவர்களா, தாழ்த்தப்பட்டவர்களா?

ஏணிக் கோட்பாட்டை முதலில் உடைத்தவர்கள் நம் முன்னோர்கள்தான். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர், நாம் கீழ்ப்படியில் தங்கிப்போனவர்கள் என்பதை ஏற்கவில்லை. தோற்கடிக்கப்பட்ட பௌத்தர்கள் என்றார். 1948இல் அம்பேத்கர் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில் இன்னும் கூர்மையாகப் பிரித்தார். ஊருக்கு வெளியே வாழ்வது ஒன்று, தீண்டாமை வேறொன்று; இரண்டும் ஒரே நாளில் பிறக்கவில்லை என்றார். நாடோடி வாழ்க்கையிலிருந்து நிலையான உழவுக்கு மாறிய காலத்தில் சிதறுண்ட மனிதர்கள் ஊர் எல்லையில் குடியேறினார்கள் என்பது முதல் பகுதி. இதில் கட்ட மாற்றம் இருக்கிறது. ஆனால் தீண்டாமையைக் கட்ட மாற்றம் உண்டாக்கவில்லை; பௌத்தத்துக்கும் பார்ப்பனியத்துக்கும் நடந்த போராட்டத்தில், கி.பி. 400வாக்கில் அது பிறந்தது என்பது அவர் கருத்து. இந்தக் காலக்கணிப்பை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். அதன் முறைதான் முக்கியம். தீண்டாமைக்கு ஒரு பிறந்த தேதியைத் தேடியவர், அதற்கு ஓர் இறந்த தேதியும் வேண்டும் என்று கேட்கிறார். தானாக வயதாகிச் சாகும் என்று அவர் காத்திருக்கவில்லை.

1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரையும் இதையே சொல்கிறது. பல ஆயிரம் சாதிகளாகப் பிரிந்து கிடப்பவர்கள் எப்படி ஒரு தேசமாக முடியும் என்று கேட்டார். குடியரசு பிறக்கும் நாளில் அரசியலில் சமத்துவத்தோடும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வோடும் நாம் ஒரே நேரத்தில் வாழப்போகிறோம் என்று எச்சரித்தார். ஒரே நாடு, இரண்டு காலம். ஏணியில் இதற்கு இடமில்லை.

அப்படியானால் எதுவுமே மாறவில்லை என்கிறேனா? இல்லை. சவுக்கு போயிற்று, சாணிப்பால் போயிற்று, மனைக்குப் பட்டா வந்தது. இவை எதுவும் கட்டம் மாறியதால் வரவில்லை. ஒவ்வொன்றையும் மனிதர்கள் கேட்டு, அடிபட்டு, உயிர்விட்டு வாங்கினார்கள். கட்டம் தானாக மாறும் என்று நம்பினால் அவர்களுடைய உழைப்பு கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஏற்கெனவே ஒருமுறை கழித்தவர்கள் செய்த வேலையை நாமும் செய்யக் கூடாது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். ஊருக்குப் போனதும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைப் பாருங்கள். சேரியின் மனைகள் யார் பெயரில் இருக்கின்றன? சுடுகாட்டுக்குப் போகும் பாதை யாருடைய பட்டாவுக்குள் போகிறது? வாய்க்கால் கரை எங்கே குறுகியிருக்கிறது? பிறகு சேரியின் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: முதல் பட்டா எந்த ஆண்டு வந்தது, முதல் மின்விளக்கு எந்த ஆண்டு, தேநீர்க் கடையில் ஒரே குவளை எந்த ஆண்டு, பிணத்தை முதன்முதலாகப் பொதுப்பாதையில் கொண்டுபோனது எந்த ஆண்டு. அந்த ஆண்டுகளை வரிசையாக எழுதினால், உங்கள் ஊரில் தேச அரசின் வரலாறு கிடைக்கும். எந்தக் கேள்விக்கு 'இன்னும் இல்லை' என்று விடை வருகிறதோ, அதுதான் உங்கள் அடுத்த மனுவின் முதல் வரி.